என் லாகினில் மட்டும் வந்த பில்

எங்கள் கம்பெனியில் என்னைத் தவிர வேறு யாராலும் பில் அடிக்க முடியாது என்று பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கோயமுத்தூர் கணபதியில் என் மாமனாருக்கு மோட்டார் பம்ப் செய்யும் தொழிற்சாலை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஃபவுண்டரிக்காரர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்பதற்காக இவரும் வாங்கினார். யூனிக்ஸில் ஓடும் இயந்திரம் ஒன்று கண்ணாடி அறைக்குள் இருக்கும். அதிலிருந்து கேபிள் இழுத்து ஆபீஸ், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் என்று டெர்மினல்கள் வைத்திருந்தார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நான் பி.எஸ்சி. கணிதம். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார அதுவே பெரிய தகுதி. மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர் ஒரு வாரம் தங்கிச் சொல்லிக் கொடுத்தார், எனக்கென்று ஒரு லாகின் உண்டாக்கினார், போய்விட்டார்.

அதன் பிறகுதான் அந்த விசித்திரம் தெரிய வந்தது. டெஸ்பாட்ச் கிளார்க் தன் லாகினில் பில் அடித்தால் நம்பர் விழும், பிரிண்டுக்குப் போய்விட்டது என்று திரையும் சொல்லும், பிரிண்டர் மட்டும் அசையாது. கேஷியர் அடித்தாலும் அதே கதைதான். நான் என் லாகினில் போய் அடித்தால் அந்தப் பெரிய பிரிண்டர் கறகறவென்று கிளம்பிவிடும். எஞ்சினியரை மறுபடி கூப்பிட்டால் போக வர ரயில் சார்ஜ், லாட்ஜ் வாடகை. "எதுக்கு? பெரியவளுக்குக் கைராசி, அவளே அடிக்கட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். மாமனாரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

கைராசி என்ற சொல்லை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. போர்வெல் போட்டால் இன்னார் கையால் தேங்காய் உடைக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குக் கார் அனுப்பி, ஸ்வெட்டரோடு என்னைக் கூட்டிப் போனார்கள். லோடு ஏற்றி நின்ற லாரிக்கு ஒரு பில் அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தேன். அந்தக் காய்ச்சலில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடிகிறது. வீட்டில் மருமகளாக என்னென்னவோ செய்திருக்கிறேன், அதற்கெல்லாம் யாரும் கார் அனுப்பியதில்லை.

பிறகு என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனது. பெண் எம்.சி.ஏ.

ஈரோட்டுப் பக்கத்துப் பெண். கல்யாணமான மறுமாதமே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு கடைவீதி போய் வந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் வரை தனியாகக் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. "நீயும் போயி அந்தக் கம்ப்யூட்டரப் பாரு அம்மணி, படிச்சது வீணாப் போகக் கூடாதில்ல" என்று மாமா அவளிடம் சொன்னபோது நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ரசக் கரண்டி என் கையில் ஒரு நொடி நின்றது. அவருக்கு அது தெரிந்திருக்காது.

முதல் நாள் அவள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பில் அடிப்பதைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, மத்தவீங்க லாகின்ல ஏன் வர்றதில்லைங்க?"

"தெரியல. என் லாகின்ல மட்டுந்தான் வரும்."

"அப்படி இருக்காதுங்க்கா" என்று சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. கேலியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேஷியரின் டெர்மினலில் அவர் லாகினைத் திறந்து வைக்கச் சொன்னாள். என் டெர்மினலில் மூன்று எழுத்து அடித்தாள். திரையில் வரிவரியாக ஏதேதோ வந்து விழுந்தது. அதே மூன்று எழுத்தைக் கேஷியரின் டெர்மினலிலும் அடித்தாள். அங்கே பாதி வரிகள்தான் வந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்று, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவள், என் திரையில் ஒரு வரி மேல் விரல் வைத்தாள்.

"இதானுங்க்கா. பிரிண்டு எந்தப் பிரிண்டருக்குப் போகோணும்னு இதுல எழுதியிருக்குது. உங்களுக்கு மட்டும் இருக்குது. மத்தவீங்களுக்கு இல்ல."

நாம் லாகின் செய்ததும் அந்த இயந்திரம் முதலில் ஒரு சின்னக் கோப்பைப் படிக்கும். ஆளுக்கு ஒரு கோப்பு. எந்த வகை டெர்மினல், கட்டளைகளை எங்கே போய்த் தேடுவது, எந்தப் பிரிண்டர், எந்த ஊர் நேரம் என்று அதில் எழுதியிருக்கும். நாம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அந்த வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் நம்மோடு இருக்கும். மெட்ராஸ் எஞ்சினியர் என்னுடைய கோப்பில் மட்டும் பெரிய பிரிண்டரின் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். மற்றவர்களுடைய பில்கள் எல்லாம், எப்போதோ கழற்றி ஸ்டோர்ஸில் போட்டுவிட்ட ஒரு பழைய பிரிண்டருக்குப் போய்க் காத்துக் கிடந்தன. அவள் அந்த வரிசையை எடுத்துக் காட்டினாள். திரை திரையாக ஓடியது.

கேஷியரின் டெர்மினலில் ஒரு வரி அடித்தாள். பில் வந்தது. அதே கறகற சத்தம்.

ஆபீஸே எழுந்து வந்து பார்த்தது. மாமாவும் வந்தார். "அப்பக் கைராசியெல்லாம் ஒண்ணும் இல்லியா கண்ணு?" என்று அவளைத்தான் கேட்டார்.

"அக்கா கோப்புலதானுங்க மாமா சரியா இருந்துது" என்றாள் அவள், எனக்காக.

எனக்காக அவள் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் காரில் திரும்பும்போது மாமா அவளிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருடைய லாகினிலும் அந்த வரியைப் பிறகு எழுதித் தருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் நானே அதைச் செய்துவிட நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக் எடுக்கிற வேலை இருந்ததால் தொழிற்சாலை திறந்திருந்தது. நான் போனேன். டெஸ்பாட்ச் கிளார்க்கின் லாகினில் நுழைந்து, அவள் விரல் வைத்த அந்த வரியை எழுத்துப் பிசகாமல் அடித்தேன். இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரத்திடமே கேட்டேன். பெரிய பிரிண்டரின் பெயரைச் சரியாகச் சொன்னது. பில் அடித்தேன். வரவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடியும் சரியாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். பிரிண்டர் சும்மா இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியது.

திங்கட்கிழமை வேறு வழியில்லாமல் அவளைக் கேட்டேன். யாருக்கும் காதில் விழக் கூடாது என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"எக்ஸ்போர்ட் பண்ணுனீங்களாக்கா?" அவள் குரல் எப்போதும் கணீரென்று இருக்கும்.

அப்போதுதான் அறைக்குள் வந்த மாமா, "எக்ஸ்போர்ட்டா? திருப்பூர்க்காரனாட்ட நாமளும் ஆரம்பிச்சாச்சா?" என்றார். ஆபீஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். நான் அடித்த வரி ஷெல்லுக்கு மட்டும்தான் தெரியுமாம். நாம் அடிப்பதையெல்லாம் வாங்கிச் செய்கிற வேலைக்காரனுக்குப் பெயர் ஷெல். "பில்லு புரோகிராம் அந்த ஷெல்லு பெத்த கொழந்த மாதிரிங்க்கா. எக்ஸ்போர்ட் பண்ணுனாத்தான் கொழந்தைக்கு ஒரு காப்பி போகும். கொழந்த அப்புறம் அத மாத்திப்போட்டாலும் பெத்தவளுக்குத் தெரியாது."

எனக்கு ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகன் இருந்தான். கல்யாணமாகி அரை வருஷம்கூட ஆகாதவள் குழந்தையைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அநியாயமான நினைப்புதான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த சில வாரங்களில் அவள் ஒவ்வொருவர் கோப்பாகத் திறந்து பார்த்தாள். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. ஒரே வரி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, எல்லோரும் நுழையும்போது படிக்கிற பொதுக் கோப்பு ஒன்றில் ஒழுங்காக எழுதப்போவதாக மாமாவிடம் சொன்னாள். "செய் கண்ணு, செய்" என்றார். அவள் வேலை செய்வதை நான் என் டெர்மினலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். தவறாக அடித்துவிட்டால் நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது எது என்று தேடினேன். அவளுக்குக் காபி போடத் தெரியாது. அது ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன்.

பொதுக் கோப்பை ஒரு நாள் சாயங்காலம் எழுதி முடித்தாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாம் பழையபடியே ஓடியது. மறுபடி லாகின் செய்தால்தான் புதுக் கோப்பு கண்ணுக்கு வரும்.

மறுநாள் அவளை அத்தை, அதாவது என் மாமியார், அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப் போனார். அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் புதுப்புடவை கட்டச் சொல்வார். மாம்பழக் கலரில் பட்டு. நான் மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு கம்பெனிக்குப் போனபோது, கேரளா லாரி பில்லோடு கிளம்பிப் போயிருந்தது. டெஸ்பாட்ச் கிளார்க்கே தன் லாகினில் அடித்துக் கொடுத்திருந்தார். இனி எனக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் எல்லையோர செக்போஸ்டிலிருந்து எஸ்.டி.டி. போட்டான். மாமா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பில்லுல நேத்துத் தேதி போட்டிருக்குதாமா. ராத்திரி பத்து மணின்னு வேற இருக்குதாமா. ராத்திரி கெளம்புன வண்டி இத்தன நேரம் எங்க இருந்துதுன்னு கேக்கறாங்களாமா. என்ன கண்ணு இது?"

அப்போதெல்லாம் சரக்கு வெளியே போகிற தேதியும் நேரமும் பில்லில் இருக்க வேண்டும். எக்ஸைஸ் வரி சமாசாரம். நான் டெர்மினலில் மணி கேட்டேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். இயந்திரம் பன்னிரண்டே முக்கால் என்றது, நள்ளிரவு தாண்டி. அதாவது பதினோரு மணி நேரம் பின்னால். காலையில் அடித்த பில் எல்லாம் முந்தின இரவுக்குப் போயிருந்தது.

சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. கோயிலில் எங்கே போய்ப் பிடிப்பது? மாமா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பழைய நாட்களைப் போல.

பொதுக் கோப்பைத் திறந்தேன். எந்த ஊர் நேரம் என்று சொல்லும் வரி இருந்தது. இந்திய நேரம், பிளஸ் ஐந்து முப்பது. சரியாகத்தானே இருக்கிறது? நாம் லண்டனுக்கு ஐந்தரை மணி முன்னால். பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். பிறகு என் சொந்தக் கோப்பின் பழைய நகலைப் பார்த்தேன். அதில் மைனஸ் ஐந்து முப்பது என்று இருந்தது. அந்தச் சின்னக் கோட்டை நான் இத்தனை வருஷமும் இரண்டு சொல்லைச் சேர்க்கிற கோடு என்றே நினைத்திருந்தேன். அவள் அதைக் கவனித்திருக்கிறாள். தப்பு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறாள்.

பதினொன்று என்பது ஐந்தரையும் ஐந்தரையும். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. ஒரு ஐந்தரை முன்னால் போக வேண்டியது, பின்னால் போய்விட்டது. நாம் லண்டனுக்கு எவ்வளவு முன்னால் என்று அந்த வரி சொல்லவில்லை. நம் நேரத்திலிருந்து லண்டன் நேரத்துக்குப் போக எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்கிறது. நமக்குக் கழிக்க வேண்டும். அதனால் மைனஸ். தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரியாக வந்தது.

மாற்றினேன். வெளியே வந்து மறுபடி லாகின் செய்து மணி கேட்டேன். சுவரும் திரையும் ஒன்றையே சொல்லின.

"ஆச்சுங்க மாமா."

"ஆச்சா? அப்பாடா" என்றார். திருத்தின பில்லையும் கம்பெனி லெட்டரையும் கொடுத்து ஒருவரை பைக்கில் அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் லாரியை விட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் சாப்பிட்டதில்லை. அவள் பட்டுப்புடவையோடு வந்து இறங்கும்போது மாமா என்ன சொல்வார் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசனம் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் விஷயம் தெரிந்ததும் அவள் அழுதுவிட்டாள். நெற்றியில் கோயில் குங்குமம் இருந்தது. மாமா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போகுது உடு கண்ணு. இதுக்கெல்லாம் ஆரு அழுவாங்க? செய்யறவீங்கதான் தப்புப் பண்ணுவாங்க. சும்மா இருக்கறவீங்களுக்கு என்ன தப்பு வரும்?"

என்னைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் என் காதில் அப்படித்தான் விழுந்தது. என்னிடம் திரும்பி, "பெரியவ இருக்கறபோது நமக்கென்ன" என்று ஒரு வார்த்தை சொன்னார், சுவர் இருக்கிறது என்று சொல்வதைப் போல. அவளுடைய தப்புக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த மனிதர், என்னுடைய சரிக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. அத்தை அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

பிறகு அவள் சமையலறைக்கு வந்தாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"மைனஸுன்னு எப்படிங்க்கா கண்டுபுடிச்சீங்க? எனக்கு இப்பவும் வெளங்கலைங்க. நாம முன்னாலதானுங்களே?"

எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. தாளில் போட்ட கணக்கு இன்னும் என் கைப்பையில் இருந்தது. "பழைய கோப்புல அப்படித்தான் இருந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினேன்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்குள் அவள் தன் பழைய புத்தகங்களைப் புரட்டி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சொம்பை லண்டன் என்றாள், மாமாவின் தட்டைக் கோயமுத்தூர் என்றாள். ஒரு அப்பளத்தைத் தட்டிலிருந்து சொம்புக்கு நகர்த்தி, "இந்தப் பக்கம் போகோணும்னா நாம கொறைக்கோணுங்க மாமா. அது நம்மளக் கேக்கறது, நீ இங்க வர்றதுக்கு எவ்வளவு கூட்டோணும்னு" என்றாள். மாமா அப்பளத்தை எடுத்து நொறுக்கிச் சாப்பிட்டார். "சின்னவ சொன்னா எனக்கே வெளங்குது பாரு" என்று சிரித்தார். என் கணவரும் தலையாட்டினார். கண்டுபிடித்தது நான் என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

அன்று அறைக்குள் போய் என் கணவரிடம் கேட்டேன்: "ஏனுங்க, அந்த மைனஸ நாந்தானே கண்டுபுடிச்சேன்?"

"ஆமா. இப்ப அதுக்கென்ன?"



அவள் எங்களோடு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாள். அதற்குள் நானும் நிறையக் கற்றுக்கொண்டேன். பாதி அவளைக் கேட்டு, பாதி அவளைக் கேட்கக் கூடாது என்ற வீம்பில். வீம்பில் கற்றது நன்றாக மனதில் நின்றது. பிறகு பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் எடுப்பதாகப் பேப்பரில் விளம்பரம் வந்தது. அவள் அதைக் கத்தரித்து என்னிடமும் கொண்டுவந்து காட்டினாள். "நீங்களும் போடுங்க்கா. உங்களுக்குத் தெரியறது அங்க பாதிப் பேருக்குத் தெரியாதுங்க." நான் சிரித்து மழுப்பினேன். பையன் பள்ளிக்கூடம், கம்பெனி வேலை, வயது. எல்லாம் உண்மையான காரணங்கள். அவளுக்கு வேலை கிடைத்தது. கொழுந்தனார் அங்கேயே ஒரு பம்ப் டீலர்ஷிப் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். மாமா தடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ஆசையோடு எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம். அவர் சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு வந்தாள். சுடிதார், குட்டை முடி. கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறதாம், மத்தியானச் சாப்பாடு அங்கேயே போடுகிறார்களாம். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து சொன்னாள்:

"அங்க எங்கள ஒண்ணும் தொட உட மாட்டாங்கக்கா. அட்மின்னு ஒருத்தர் எல்லாம் எழுதி வெச்சிருப்பாரு. ஒரு வரி மாத்தோணும்னாலும் அவருக்குச் சீட்டு எழுதோணும். நீங்க இங்க ராணியாட்ட இருக்கறீங்க."

உண்மையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் அந்த ராணி மறுநாள் காலை பத்து மணிக்குக் கணபதியில் போய் உட்கார்ந்து கேரளா லாரிக்குப் பில் அடிக்க வேண்டும். அவள் பெங்களூருக்கு ரயில் ஏறுவாள். நான் அவளுக்கு முறுக்கு டப்பாவைக் கட்டிக் கொடுத்தேன், அடியில் பேப்பர் போட்டு, மேலே கயிறு இறுக்கி. ஸ்டேஷனுக்கு வரவில்லையா என்று கேட்டாள். தலைவலி என்றேன்.